பதினோராவது பொருத்தம்

எதையும் சுருக்கிவிடுவது என் சுபாவம். பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு சுருக்கினேன். கோழிப்பண்ணை வேலையை நான்கு மாதத்தில், சிங்கப்பூரில் தட்டுக் கழுவியதை ஒரு மழைக்காலத்தில், லோரி அட்டெண்டன் வேலையை ஒரே பயணத்தில் (லோரி கவிழ்ந்துவிட்டது, ஓட்டியது நான் இல்லை). இதையெல்லாம் வீட்டில் மறந்துவிட்டார்கள். என் அக்கா சரசுவின் கல்யாணத்தை நான் பதினோரு வரியில் சுருக்கப் பார்த்ததை மட்டும் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பாச்சாங்கில், ஒரு கடைவீட்டு மாடியில் சேகர் அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். நான் பகலில் அங்கே வேலை பார்த்து, வீட்டுக்குப் போகாத வாரங்களில் அங்கேயே படுத்துக்கொள்வேன். தமிழ்ப் பிள்ளைகள் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்று அவர் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் மொழியையே உருவாக்கியிருந்தார். எண், பெயர், அச்சிடு என்று எல்லாம் தமிழ்ச் சொற்கள். திரையில் தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். பிள்ளைகள் யாரும் வரவில்லை. மனம் தளராமல் அதே மொழியில் ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினார். மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனது.

அந்த மொழிக்குள் ஒரு ஜாகா இருந்தான். (ஃபேக்டரி வாசலில் நிற்கும் காவல்காரனை இங்கே அப்படித்தான் சொல்வோம்.) புரோகிராம் ஓடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. தப்பு இருந்தால், "பதினாலாம் வரி. இங்கே வேண்டியது எண். நீ கொடுத்தது பெயர்" என்று விவரமாகச் சொல்வான். சிக்கல் என்னவென்றால், இந்தப் பேச்சை சேகர் அண்ணன் அறுபது இடத்தில் அறுபது விதமாக எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, தப்பு சொல்ற வேலைய எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டு வந்துடு. எந்த வரி, என்ன வேணும், என்ன கிடைச்சிச்சு, இந்த மூணையும் அங்க அனுப்பினா போதும். சிம்பிள் பண்ணிடுலா," என்றார்.

அதில் எனக்குக் காதில் விழுந்தது 'சிம்பிள்' மட்டும். அறுபது இடத்திலிருந்தும் மும்மூன்று விவரங்களை அனுப்ப ஆரம்பித்து, ஒன்பதாவது இடத்தில் கொட்டாவி வந்தது. யோசித்தேன். (என் வாழ்க்கையில் கெட்டதெல்லாம் நான் யோசித்தபோதுதான் நடந்தது.) இந்த ஜாகா ஒவ்வொரு தடவையும் உண்மையில் என்னதான் சொல்ல வருகிறான்? இதுவும் அதுவும் ஒத்துப்போகவில்லை என்கிறான். அவ்வளவுதானே? வரி எண் எதற்கு, காரணம் எதற்கு? எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டே சொல் வைத்தேன்: பொருத்தம் இல்லை.

தப்பைத் திரைக்கு அனுப்ப ஒரு வழி, பிரிண்டருக்கு அனுப்ப ஒரு வழி என்று இரண்டு இருந்தன. அதையும் ஒன்றாக்கிப் பிரிண்டருக்கே விட்டேன். நானூறு வரி ஆறு வரியானது. வீடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் செலண்டாரிலிருந்து அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன் முனியாண்டி மாமாவும் அவர் மனைவி புஷ்பம் அத்தையும் கடைக்கு வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. மாமா வைத்ததுதான் சட்டம். மனிதன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்பது அவர் கொள்கை.

ஃபேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று, "ஃபேக்டரி பஸ்ல உட்கார எடம் கிடைக்குமா?" என்று ஒன்றே ஒன்றுதான் அவளைக் கேட்டார். அந்தச் சனிக்கிழமை காலை, தங்கா பத்துவில் எங்கள் வீட்டில், அவள் என் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டபடி, "டேய், ஒழுங்கா தட்டு. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு," என்றாள். தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சேகர் அண்ணன் தே ஐஸ் (ஐஸ் போட்ட டீ, பையில் கட்டித் தருவார்கள்) வாங்கக் கீழே போயிருந்தார். ஜோடியின் விவரங்களைப் புரோகிராமின் தலையிலேயே தட்ட வேண்டும். ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை பொறந்த நேரம், மாமா?"

"சுபோ நேரம்லா."

(மலாய்க்காரர்களின் விடியற்காலைத் தொழுகை நேரம்.)

"மணி எத்தன?"

"எஸ்டேட்ல மணி யாருகிட்ட இருந்துச்சு? பக்கத்து கம்போங்ல பாங்கு சொன்னாங்க, இவன் பொறந்தான்."

நான் 'சுபோ' என்றே தட்டினேன்.

ஜாகா மறித்தான். எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல். தப்பு ஒன்றுதான். ஆனால் நேரத்தை வைத்துத்தான் நட்சத்திரம், நட்சத்திரத்தை வைத்துத்தான் பத்துப் பொருத்தமும். ஒன்று கெட்டதும் பத்தும் கெட்டது. பிரிண்டர் கரகரவென்று இழுத்து, 'பொருத்தம் இல்லை' என்று பதினோரு வரி அடித்துத் துப்பியது.

மாமா விரல் வைத்து எண்ணினார். "பத்தும் போச்சு," என்றார். பிறகு, "பத்துதானே பொருத்தம்? இது பதினொண்ணு இருக்கு."

"கடைசியா மிஷினே சொந்தமா ஒண்ணு சொல்லுது போல," என்றார் அத்தை.

"இல்ல மாமா, இது வெறும் எரர்," என்றேன்.

"எரர்னா?"

"தப்பு."

"அதான் சொல்லுது. இந்தச் சம்பந்தம் தப்பு."

தே ஐஸ் பைகளை விரலில் மாட்டிக்கொண்டு சேகர் அண்ணன் படியேறி வந்தார். காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வரி நம்பர் எங்கடா?"

"சிம்பிள் பண்ணச் சொன்னீங்க."

"என்ன வேணும், என்ன கிடைச்சிச்சு?"

"அதையும் சிம்பிள் பண்ணிட்டேன்."

மிஷின் திட்டுவது ஜோடியை இல்லை, தட்டினவனை என்று அவர் மாமாவுக்கு விளக்கினார். சுபோவை எடுத்துவிட்டு ஐந்தரை என்று போட்டால் சரியாகிவிடும் என்றார். மாமா கீபோர்டின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"தட்டுறவன் பொண்ணோட தம்பி. நீங்க அவன் முதலாளி. இனிமே வர்ற பேப்பர நான் எப்படி நம்புறது? மொதல்ல வந்ததுதான் மிஷின் மனசுல உள்ளது."

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இனி பஸ் ஏறி வீட்டுக்குப் போய், அந்தப் பித்தான் போட்ட கைக்கு என்ன பதில் சொல்வேன்?

அத்தை எழுந்திருக்கவில்லை. "தம்பி, எங்க ரெண்டு பேரையும் போட்டுப் பாரு," என்றார்.

"நமக்கு எதுக்குடி இப்ப?" என்றார் மாமா.

"சும்மாதான். நீங்களும் சுபோ நேரந்தானே. எஸ்டேட்ல பாதிப் பேரு சுபோதான்."

தட்டினேன். பிரிண்டர் கரகரத்தது. அதே பதினோரு வரி.

அத்தை அதை வாங்கி ஆற அமரப் படித்தார். "மிஷின் ஒண்ணும் பொய் சொல்லலலா," என்றார். "இருவத்தெட்டு வருசம், நாலு பிள்ளைங்க. பதினொண்ணுல ஒண்ணுகூட இல்லாமத்தான் ஒங்களோட இருந்திருக்கேன். அந்தப் பொண்ணு இருக்க மாட்டாளா?"

மாமா உட்கார்ந்தார்.

"அந்தத் தே ஐஸ் யாருக்கு?" என்றார்.

கல்யாணம் நிச்சயமானது அந்தக் கேள்வியில்தான். ஐந்தரை என்று தட்டியபோது பத்துக்கு ஏழு வந்தது. அந்தக் காகிதத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க உட்கார்ந்து, அறுபது இடத்திலிருந்தும் மூன்று விவரங்களையும் அனுப்ப வைத்தேன். நான் பாதியில் விடாமல் முடித்த ஒரே வேலை அது. அதற்கப்புறம் ஜொகூருக்குக் கிளம்பிவிட்டேன்.

இப்போதும் செலண்டார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், மச்சான் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அடுப்படிப் பக்கம் திரும்பி, "பொருத்தம் இல்லை," என்பார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: "எந்த வரி? என்ன வேணும், என்ன கிடைச்சிச்சு? முழுசாச் சொல்லுங்க. சுருக்கிச் சொல்றதுக்கு நீங்க என்ன என் தம்பியா?"