நூறு குவார்ட்டர் தாம்பூலம்

எந்தக் குடும்ப விசேஷத்திலும் "அதை எங்கிட்ட விட்டுடுங்க" என்று ஒருவன் எழுந்து நிற்பான். அவனை அங்கேயே கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் பாதிச் செலவும் முழு அவமானமும் மிச்சம். என் தங்கை சுதாவின் நிச்சயதார்த்தத்துக்கு அப்படி எழுந்து நின்றவன் நான். யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஹடப்சரில் ஐ.டி. வேலை. அங்கேயே அப்பா, அம்மா, சுதாவோடு ஒரு ஃபிளாட். அப்பா வங்கி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து புனே வந்தவர், ரிட்டயரான பிறகும் திரும்பிப் போகவில்லை. சுதா தன்னோடு வேலை பார்த்த நிகிலை விரும்பினாள். மராட்டிப் பையன், கோர்படியில் வீடு. அவன் அப்பா ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வருஷா வருஷம் பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிறவர். கழுத்தில் துளசி மாலை, சமையலில் வெங்காயம்கூடக் கிடையாது.

முதல் சந்திப்பில் அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "துமச்யா கராத் கோணீ கேத் நாஹீ நா?" (உங்கள் வீட்டில் யாரும் எடுத்துக்கொள்வதில்லையே? எதை என்று எந்த ஊரிலும் விளக்க வேண்டியதில்லை.) அப்பா நெஞ்சில் கை வைத்து, எங்கள் வீட்டில் இருமலுக்கே கஷாயம்தான் என்றார். அந்த ஒரு வாக்கின் மேல்தான் சம்பந்தம் நின்றது.

இந்த நேரத்தில்தான் நான் எழுந்தேன்.

"தாம்பூலப் பையில பிளாஸ்டிக் டப்பா குடுக்கறதெல்லாம் பழசும்மா. வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு செடி. கண்ணாடி பாட்டில்ல தண்ணி ஊத்தி, அதுல வேர்விட்ட மணி பிளான்ட். எங்கிட்ட விட்டுடுங்க."

"ஏன்டா சாமி, நீ வாங்கியாந்த துளசியே ஒரு வாரம் தாங்கல. உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் அம்மா.

"அது மண்ணு. இது தண்ணி. தண்ணியில யாராலயும் தப்புப் பண்ண முடியாது."

(முடியும்.)

எங்கள் அலுவலக மாடிப்படி நெடுக மணி பிளான்ட் படர்ந்திருந்தது. கேட்டதும் அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். நான் அழகான இலைகளாகப் பார்த்து, காம்போடு கிள்ளி வந்து, வீட்டிலிருந்த ஜாம் பாட்டில்களில் நிறுத்தினேன். கொடியின் கணுவிலிருந்துதான் வேர் வரும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தெரியாது. கணு இல்லாத இலைகள் வெகுநாள் பச்சையாகவே சிரித்துக்கொண்டு நின்று, பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல் அழுகின. அப்பா நாற்றம் தாங்காமல் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை கணுவுக்குக் கீழே வெட்டிப் போட்டேன். வேர் எட்டிப் பார்த்தது. ஆனால் வெயில் பட்டுத் தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி பாசி பிடித்தது. வீடியோக்களைப் புரட்டியதில் ஒரு ஞானம் கிடைத்தது: வேருக்கு இருட்டு பிடிக்கும், பழுப்புக் கண்ணாடி உத்தமம்.

பழுப்புக் கண்ணாடியைத் தேடிக் கசார்வாடிக்குப் போனேன். பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஒரு பங்கார் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், சாக்குச் சாக்காக அடுக்கியிருந்தார்கள். உள்ளங்கை அளவு, தட்டை உடம்பு, குட்டிக் கழுத்து. எனக்காகவே செய்த மாதிரி இருந்தது.

"யே கிஸ்கா போத்தல் ஹை, பையா?" (இது எதோட பாட்டில், அண்ணா?)

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தவாயி கா ஹை, சாப். ஷாம் கோ லேனே வாலி தவாயி." (மருந்து பாட்டில் சார். சாயங்காலம் சாப்பிடுகிற மருந்து.)

நான் நம்பினேன். எங்கள் வீட்டில் பாட்டில் என்றால் நல்லெண்ணெய், இல்லையென்றால் தேன். கசார்வாடியில் இத்தனை பேர் ஒரே வியாதியில் கஷ்டப்படுகிறார்களே என்று எனக்கு வருத்தம்கூட வந்தது. நூறு பாட்டில் வாங்கி வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"என்னமோ ஒரு மாதிரி வாடை வருதேடா," என்றாள் அம்மா.

"ஹோமியோபதிம்மா."

அந்த இருட்டுக்குள் வேர்கள் கொண்டாடின. வெள்ளைத் தாடி போல இறங்கிப் பாட்டிலின் அடியைத் தொட்டு, அங்கேயும் சுருண்டன. நான் கழுத்துக்கு மஞ்சள் நூல் கட்டினேன். அம்மா மனம் இளகி, நூறு பாட்டிலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

கோர்படியில் ஒரு சின்ன மண்டபம். தட்டு மாற்றி, மோதிரம் மாற்றியதும், நானும் சுதாவும் தட்டேந்தி விநியோகித்தோம். பெண்கள் "எவ்வளவு அழகு!" என்றார்கள். ஆண்கள் மட்டும் ஏனோ மௌனமானார்கள். பொள்ளாச்சிப் பெரியப்பா கையிலிருந்ததை உற்றுப் பார்த்து, அவசரமாகத் துண்டுக்குள் மறைத்தார். என் மேனேஜர் கூரையைப் பார்த்தார். தெரிந்தவன் வாயைத் திறந்தால் 'உனக்கு எப்படித் தெரியும்' என்ற கேள்வி வரும் என்பது, தெரிந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சுபேதாரால்தான் அடக்க முடியவில்லை. பாட்டிலை உள்ளங்கையில் ஏந்தி, பிரிந்துபோன நண்பனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, வெடித்துச் சிரித்தார்: "அரே, ஹீ தர் குவார்ட்டர்ச்சீ பாட்லீ!"

நிகிலின் அம்மா மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "துமாலா கஸம் களலம்?" (உங்களுக்கு எப்படித் தெரிந்தது?)

சுபேதாரின் சிரிப்பு நின்றது. இந்தப் பக்கம் பெரியம்மா, "நீங்க ஏனுங்க அப்பவே துண்டுல ஒளிச்சீங்க?" என்று ஆரம்பித்திருந்தாள்.

நிகிலின் அம்மா தன் பாட்டிலை நாற்காலி மேல் வைத்தார். அப்பாவைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன மனுஷன், இப்போது நிஜமாகவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுதாவின் கண்கள் தளும்பின.

"அண்ணா, ஏதாவது பேசு," என்றாள் அழுகுரலில். "ப்ளீஸ்."

எனக்குத் தெரிந்த மராட்டி, காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். ஆனாலும் மேடையேறினேன். 'ஒவ்வொரு பாட்டிலிலும் வேர் இருக்கிறது, நான் வளர்த்தேன்' என்று சொல்ல வேண்டும். மராட்டியில் வேருக்கு 'மூள்'. பதற்றத்தில் நான் சொன்னது 'மூல்'. அப்படியென்றால் குழந்தை.

"ப்ரத்யேக் பாட்லீத் மூல் ஆஹே," என்று முழங்கினேன். "மீ வாடவ்லம்!"

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு குழந்தை, நானே வளர்த்தேன் என்று நான் அறிவித்ததும், முன்வரிசையில் ஒரு மாமி பாட்டிலைச் சட்டென்று தூர நகர்த்தினார். நிகில் "மூள்! மூள்!" என்று கத்தினான். வேறு வழியில்லாமல், ஒரு பாட்டிலிலிருந்து கொடியை அப்படியே உருவி உயரத் தூக்கிக் காட்டினேன். வெள்ளை வேர்கள் முழ நீளத்துக்குத் தொங்கி, மேடையோரம் நின்ற நிகிலின் அம்மாவின் பட்டுப் புடவை மேல் சொட்டின.

அவர் கோபிக்கவில்லை. வேரை விரலால் தொட்டுப் பார்த்தார். இதில் இருந்ததையெல்லாம் யார் குடித்தது என்று கேட்டார். தெரியாது, கடைக்காரர் மருந்து என்றார் என்றேன்.

"அதை நீ நம்பினாயா?"

"ஹோ," என்றேன். (ஆமாம்.)

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, துளசி மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இந்தச் சனியன் பிடித்த பாட்டிலால் உலகத்துக்கு ஒரு உபயோகமும் இல்லை என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொல்லிவந்தது தவறு என்று மண்டபம் கேட்கச் சொல்லிவிட்டு, தனக்கு இன்னும் இரண்டு வேண்டும் என்றார். அவ்வளவுதான். முண்டியடித்தார்கள். பெரியப்பா துண்டுக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். தட்டில் குங்குமம்தான் மிஞ்சியது. கல்யாணத்துக்கும் இதே தாம்பூலம் என்று அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள். சுபேதார் என் தோளில் கை போட்டு, கல்யாணத்துக்குப் பெரிய செடி வைப்பதாக இருந்தால் பெரிய சைஸும் உண்டு, கடை தனக்குத் தெரியும் என்று காதில் கிசுகிசுத்தார்.

பிற்பாடு எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரிக்க நிகிலின் அம்மாவிடம்தான் போனார். அவர் சொன்ன பதிலை என் மனைவி மைதிலி இன்றும், வீட்டுக்கு வரும் ஒருவரையும் விடாமல், காபி கொடுத்துவிட்டுச் சொல்லிக் காட்டுகிறாள்:

"பையன் குடிக்க மாட்டான், அதுக்கு நான் ஜாமீன். விவரமானவனான்னு மட்டும் எங்கிட்ட கேட்காதீங்க."