கிரிம்ஷாவுக்கு வில்லன் உரிமம்

இங்கிலாந்தின் லங்காஷயரில் ஹெப்பிள்டன் என்னும் ஊரில் நார்மன் கிரிம்ஷா இருபத்திரண்டு வருடங்களாக மருந்துக்கடை நடத்திவந்தார். அந்தக் காலம் முழுவதும் அவர் ஒருவரைக்கூட விஷம் வைத்துக் கொன்றதில்லை. நடக்க முடியாதவர்களுக்கு மழையில் சைக்கிள் மிதித்துப் போய் மாத்திரை கொடுப்பார். அவர்கள் நீட்டும் ஆறிப்போன தேநீரையும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வருவார்.

குறை பெயரில் இருந்தது. கிரிம்ஷா என்பதன் முன்பாதிக்கு அவர்கள் பேச்சில் கடுகடுப்பு என்று அர்த்தம். அதனால் தலைமுறை தலைமுறையாகக் கதாசிரியர்கள் அந்தப் பெயரை விட்டுவைக்கவில்லை. தொழிலாளியைப் பட்டினி போடும் ஆலை முதலாளியா? கிரிம்ஷா. பிரம்போடு அலையும் தலைமை ஆசிரியரா? அவரும் கிரிம்ஷா. நார்மன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஆனால் அதே ஊரில் இருந்த மியூரியல் டாட்டர்சல் என்ற அம்மாள் எழுதிய புது மர்ம நாவலில், ஏழு பேரை இருமல் மருந்து கொடுத்தே தீர்த்துக்கட்டினவன் ஒரு மருந்துக்கடைக்காரன். பெயர் கிரிம்ஷா.

மறுநாளிலிருந்து வாடிக்கையாளர்கள் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க் கறிக்கடை ஹொரேஸ் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீயே ஒரு மடக்கு குடிச்சுக் காட்டேன், நார்மன். நம்பிக்கை இல்லாம இல்ல. சும்மா ஒரு மன நிம்மதிக்கு."

அன்று ஒன்பது பேருடைய மன நிம்மதிக்காக ஒன்பது மடக்கு குடித்த நார்மன், மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லாவின் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனார். பார்த்தவர்கள் ஊருக்குள் போய் என்ன சொன்னார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மியூரியலிடம் முறையிட்டதற்கு, வேறு பெயர் வைத்துக் கொன்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அந்த அம்மாள் வருத்தத்தோடு விளக்கினார். வேறு வழியில்லாமல் நார்மன் நகராட்சிக்கு மனு எழுதினார்.

பேருந்து நிழற்குடைக்குக் கூரை போட அந்த நகராட்சிக்குப் பதினோரு வருடம் போதவில்லை. ஆனால் இந்த மனுவுக்குக் கூரை தேவைப்படவில்லை, காகிதம் மட்டுமே தேவைப்பட்டது. ஆகவே நான்கே நாளில் 'குடும்பப்பெயர்களின் கற்பனைப் பயன்பாட்டு ஒழுங்குமுறைப் பிரிவு' உதயமாயிற்று. அதன் தலைவர் ஆஷ்வொர்த், தேன் போலப் பேசுகிற மனிதர்.

"நூலகத்துல கணக்கெடுத்துட்டோம் ஐயா. கதையில வர்ற கிரிம்ஷா நாப்பத்தேழு பேர். நிஜத்துல நீங்களும் உங்க வீட்டம்மாவும்தான்."

"அதனால?"

"அதனால இது அடிப்படையில கதைப் பெயர். நீங்கதான் எடுத்துப் புழங்குறீங்க."

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா வச்சிருந்த பெயருங்க இது."

"அவர் அனுமதி வாங்கினாரா?"

வாங்கினாரா என்று நார்மனுக்குத் தெரியவில்லை. ஆகவே, அந்தப் பெயரைக் கடைசியாகப் பயன்படுத்திய கதாசிரியரிடம் இசைவுக் கடிதம் பெற்றுவரும்படி பணிக்கப்பட்டார். மியூரியல் நல்ல மனசோடு உடனே எழுதிக்கொடுத்து, படிவத்தில் 'நல்லவர்' என்ற கட்டத்தில் குறியும் போட்டார். கிரிம்ஷா எவரும் நல்லவராக இருந்ததற்கு முன்னுதாரணம் இல்லை என்று படிவம் திரும்பி வந்தது. கடைசியில் முத்திரையோடு உரிமம் கிடைத்தது: "மேற்படி நார்மன் கிரிம்ஷா என்பார் இந்நகர எல்லைக்குள் வில்லனாக வாழ்ந்துவர இதனால் அனுமதிக்கப்படுகிறார்." அதைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டவேண்டும் என்பது விதி.

விதிப்படியே மாட்டினார். ஊரைவிட்டே போய்விடலாம் என்று மனைவி பெரிலிடம் சொன்னார். மறுநாள் காலை கதவைத் திறந்தால் தெருமுனை வரை வரிசை. பக்கத்து ஊர்க்காரர்கள் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள், அரசாங்கமே அங்கீகரித்த வில்லன் கையால் இருமல் மருந்து வாங்க. ஒரு பெண்மணிக்கு மட்டும் மனக்குறை. வில்லன் என்று போட்டுவிட்டு நன்றி சொல்கிறாரே, இது மோசடியில்லையா என்று கேட்டார். நார்மன் அன்றோடு நன்றி சொல்வதை நிறுத்தினார்.

ஒரு வாரம் கழித்து அவர் கண்ணாடி முன்னால் நிற்பதைப் பெரில் பார்த்தாள்.

"பல்வலியா, நார்மன்?"

"பயமுறுத்திப் பாக்குறேன்."

"கொஞ்சம் இடது பக்கம் திரும்பிக்கோ. அந்தப் பக்கம் பரவாயில்ல."

ஊர் சும்மா இருக்குமா? நாள் முழுக்கக் கத்தியைப் பிடித்திருக்கிற தனக்கு இல்லாத உரிமமா என்று கறிக்கடை ஹொரேஸ் விண்ணப்பித்தார். தேவாலயத்தில் கூட்டம் குறைகிறது என்று பாதிரியாரும் விண்ணப்பித்தார். மரத்தில் மாட்டிய பூனையை இறக்கிவிட்டவர் என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்ட ஒருவர், பூனையை ஏற்றிவிட்டதே தான்தான் என்று இரண்டு சாட்சிகளோடு மேல்முறையீடு செய்து ஜெயித்தார். வருட முடிவில் ஹெப்பிள்டனில் வில்லன் அல்லாதவர் எவருமில்லை. கொல்லப்படுவதற்கு ஒரு அப்பாவிகூட மிச்சமில்லாத ஊரில் மர்ம நாவல் எழுதுவது எப்படி? மியூரியல் ரோஜாச்செடி வளர்ப்பைப் பற்றி எழுதப் போய்விட்டார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பதிவுபெற்ற நல்லவர் ஒருவராவது இல்லாத ஊரில் பிரிவு மூடப்படும். ஆஷ்வொர்த் பதறியடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

"நீங்க நிஜமாவே நல்லவர் ஐயா. ஊருக்கே தெரியும். ஒரு கையெழுத்துப் போடுங்க."

நார்மன் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு பேர் காதுல விழுற மாதிரி பேசாதீங்க. குடும்பம் நடத்துறவன் நான்."

ஆஷ்வொர்த் தன் பெயரையே போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், முதல் வாரத்திலேயே அவர் தனக்கொரு வில்லன் உரிமம் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் நூலகத்துக்குப் போய், நாற்பது வருடமாக யாரும் எடுக்காத ஒரு நாவலிலிருந்து பார்ன்ஸ் என்ற கிராமத்து வைத்தியரைப் பிடித்தார். அவருடைய விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. இல்லாத மனிதர் மீது புகாரும் இல்லை. பதிவாயிற்று. பிரிவு பிழைத்தது.

ஊரின் ஒரே நல்லவருக்கு நகர மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். மேயர் காலி நாற்காலியின் மேல் கேடயத்தை வைக்க, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே வரும்போது ஹொரேஸ் நார்மனின் காதில் கிசுகிசுத்தார்.

"எனக்கென்னமோ அந்த ஆளு மேல ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்."

"விழாவுக்கே வரல, பாத்தியா?" என்றார் நார்மன். "அவ்வளவு தலைக்கனம்."