அடுப்புக்கு ஒரு ஆள்

பழனிவேலு நெல் போடாமல் முந்திரி போட்டதற்குக் காரணம் ஒன்றுதான். முந்திரி மரம் மனுஷனை எதற்கும் கூப்பிடாது. நட்டுவிட்டு வந்துவிட்டால் அது பாட்டுக்குப் பூக்கும், அது பாட்டுக்குக் காய்க்கும். கொட்டை பொறுக்க மட்டும் வருஷத்தில் ஒரு மாசம் ஆள் வேண்டும். அதற்கு மனைவி அம்சவள்ளி இருந்தாள். இப்படி உடம்பு நோகாமல் ஐம்பது வயசை எட்டிப்பிடித்த மனிதரை, எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரை வெயிலில், செம்மேட்டுக்குறிச்சிப் பஞ்சாயத்து ரோடு போடக் கூப்பிட்டது.

ஊரிலிருந்து உடையார்பாளையம் மெயின் ரோட்டுக்கு மூன்று மைல். பேருக்குத்தான் ரோடு. மழை பெய்தால் மாட்டு வண்டி அச்சுவரை இறங்கும். பெய்யாவிட்டால் புழுதியில் இறங்கும். ரோட்டைச் சரி பண்ணிக் காட்டுங்கள், பஸ் விடுகிறோம் என்று பஸ் ஆபீசிலிருந்து கடுதாசி வந்ததும் பஞ்சாயத்து கூடித் தீர்மானம் போட்டது. தலைவர் அமிர்தலிங்கம் அதைப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று வாசித்தார்.

"ஊர் ரோட்டை ஊரார்தான் பராமரிக்கணும். அடுப்புக்கு ஒரு ஆள், மூணு நாள், மண்வெட்டி கூடையோட வரணும். மோசமான எடமாப் பாத்து அடுப்புக்குப் பதினஞ்சு கஜம். வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் அந்தப் பதினஞ்சு கஜத்தை அந்தந்த அடுப்பே செப்பனிடணும். அடுப்பை மறைச்சா ஆறு நாள், முப்பது கஜம்."

முந்தின வருஷம் வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டுத்தான் ஏமாந்தார்கள். ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி நாலு பேர் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே வீடுதானே என்று ஒரு நோஞ்சானை அனுப்பிவைத்தார்கள். அதனால் இந்த வருஷம் அடுப்பைக் கணக்கில் எடுத்தார்கள்.

அன்று மத்தியானம் அம்சவள்ளி குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"பஸ்சு வந்துட்டா மீன்சுருட்டிக்கு ஒரே எட்டுல போயி அம்மாவப் பாத்துட்டு வந்துரலாங்க."

"போயேன். நான் வேணாம்னா சொல்றேன்?"

"நாலு நாளு இருந்துட்டு வரலாம்னு…"

"இரு. ஆனா அடுப்ப யாரு பாக்கறது?"

இந்தக் கேள்வியை அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுவருகிறார். அம்சவள்ளியின் அம்மாவுக்கு இப்போது ஒரு கண்ணில் பார்வையே இல்லை. நல்லது கெட்டதுக்கு மட்டும் மூன்று மைல் நடந்து, பஸ் பிடித்து, அம்மா கையைத் தொட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவாள். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று, வீட்டில் இரண்டே பேர். இருந்தாலும் அடுப்பு என்று ஒன்று இருக்கிறதே. பழனிவேலுவுக்கு மனைவி மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவள் வைக்கும் குழம்பு மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அந்தக் குழம்பைப் பிசைந்து மூன்றாவது உருண்டையை வாயில் போடும்போதுதான் அவருக்கு யோசனை உதித்தது. அடுத்த வீடு அண்ணன் உத்திராபதியுடையது. அடுத்த வீடு என்றால், ஒரே வீட்டின் நடுவில் ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு சுவரை எழுப்பி, அந்தச் சுவரில் ஒரு கதவையும் வைத்தார்கள். அண்ணன் எப்படியும் ரோட்டு வேலைக்குப் போவார். போகாதே என்றாலும் போவார். இரண்டும் ஒரே அடுப்பு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அமிர்தலிங்கம் நோட்டும் கையுமாக வந்தார்.

"பழனிவேலு, உன் அடுப்புக்கு நீதானே வர்ற?"

"எனக்கு ஏதுங்க தனி அடுப்பு? அண்ணன் அடுப்புதான் என் அடுப்பு. நாங்க ஒன்னாயிட்டோங்க."

"எப்பலேருந்து?"

"மனசு எப்பவோ ஒன்னாயிருச்சுங்க."

உள்ளே கடுகு வெடித்தது. தலைவர் மூக்கை உறிஞ்சினார்.

"அப்ப இது என்னய்யா வாசனை?"

"அது… பழைய வாசனைங்க."

கரண்டியோடு அம்சவள்ளி வாசலுக்கு வந்தாள்.

"ஏம்மா, நீங்களும் உத்திராபதியும் ஒரே அடுப்பாமே? மெய்யா?"

தலைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பழனிவேலு கண்ணால் கெஞ்சினார், புருவத்தால் மிரட்டினார். அம்சவள்ளி கணவனைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். இனிமே ஒரே அடுப்புதாங்க."

"அப்படின்னா சரி. நாளையிலேருந்து இந்த வூட்டுக் கூரையில பொகை கண்டா ஆறு நாளு. போடு கையெழுத்த."

பழனிவேலு போட்டார். அவ்வளவு அழகாக அவர் மகள் கல்யாண லக்னப் பத்திரிகையில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. தலைவர் போனதும் மனைவியைப் பார்த்து, "நீதான் புள்ள எனக்கேத்த பொண்டாட்டி" என்றார்.

மறுநாள் காலை காப்பிக்கு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பு கழுவித் துடைத்து, மேலே ஒரு கோலமும் போட்டிருந்தது.

"என்னா புள்ள இது?"

"பொகை வரக்கூடாதுல்லங்க?"

"அதெல்லாம் யாரு வந்து பாக்கப்போறா?"

"நீங்க கையெழுத்துப் போட்டுருக்கீங்க. ஊருக்குள்ள உங்களுக்குன்னு ஒரு பேரு இருக்கு. அதக் கெடுக்கச் சொல்றீங்களா? வாங்க, அக்கா காப்பி போட்டுருப்பாங்க."

சுவரிலிருந்த கதவு வழியாகப் போனார்கள். அண்ணி கொளஞ்சியம்மாள் முகம் மலர வரவேற்றாள். நல்ல மனுஷி. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் உத்திராபதிக்கு ரத்தக்கொதிப்பு என்று அரியலூர் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து, அந்த வீட்டில் உப்பு என்ற பேச்சே கிடையாது. குறைத்தால் திரும்பக் கூடிவிடும் என்று பயந்து, கொளஞ்சியம்மாள் உப்பு ஜாடியையே மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பிவிட்டாள்.

மத்தியானம் சோறு வந்தது. கத்திரிக்காய்க் குழம்பு வந்தது. பழனிவேலு ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னும் ஏதாவது வரும் என்று நாக்கு காத்திருந்தது, ஒன்றும் வரவில்லை.

"அண்ணி, கொஞ்சம் உப்பு…"

"இந்த வூட்ல உப்பு இல்ல தம்பி. டாக்டரு சொன்னது."

"டாக்டரு அண்ணனுக்குத்தானே சொன்னாரு?"

"ஒரே அடுப்புல தம்பிக்கு ஒன்னு அண்ணனுக்கு ஒன்னுன்னு ஆக்க முடியுமா?"

உத்திராபதி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே அவர் முகத்தில் இல்லை. அம்சவள்ளியோ, "மணமா இருக்குக்கா" என்று இரண்டாம் தரம் வாங்கிக்கொண்டாள்.

கை கழுவியதும் அண்ணி ஒரு கோடாலியை நீட்டினாள்.

"உங்கண்ணனுக்குத் திங்கக்கெழமையிலேருந்து ரோட்டு வேலை. ஒரே அடுப்புன்னா வெறகுலயும் பங்கு இருக்குல்ல தம்பி? கொல்லையில ஒரு வேரு கெடக்கு பாருங்க."

அது ஒரு பழைய புளிய வேர். கோடாலி அதன் மேல் பட்டால் கோடாலிக்குத்தான் வலித்தது. மண்ணாவது வெட்டினால் பெயர்ந்து கொடுக்குமே என்று பழனிவேலுவுக்கு முதன்முதலாக மண்ணின் மேல் ஒரு மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் மறுபடி வந்தார். வேலைக்கு வரும் எண்பது பேருக்கும் பஞ்சாயத்தே மத்தியானச் சாப்பாடு போடுகிறதாம். சமைக்க ஆள் வேண்டும். ஊரில் அம்சவள்ளி குழம்புக்கு இருக்கிற பேர் அவருக்குத் தெரியாதா?

"வூட்ல அடுப்புப் பாத்துக்கிட்டு வர முடியுமாம்மா?"

"வூட்லதான் அடுப்பே இல்லையேங்க. கை சும்மாத்தான் இருக்கு" என்றாள் அம்சவள்ளி.

திங்கட்கிழமை ரோட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்று கேள்வி. பழனிவேலு பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணி வீட்டுப் பருப்பைச் சாப்பிட்டார். சாயங்காலம் அண்ணன் திரும்பி வந்தார். அவர் கையில் மொச்சையும் கருவாடும் மணத்தன. உப்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து வரலாமே என்று பழனிவேலு கிளம்பினார். ஒரு குடிமகனுக்கு அந்த அக்கறைகூட இருக்கக்கூடாதா? வேலை நடந்த இடத்தில் வேப்பமரத்தடியில் இலை போட்டிருந்தார்கள். அண்டா நிறையக் குழம்பு. அவர் கால் அவரைக் கேட்காமல் பந்தியில் போய் உட்கார்ந்தது.

தலைவர் நோட்டைப் பிரித்தார். "எந்த அடுப்புய்யா?"

"உத்திராபதி அடுப்புங்க."

"அந்த அடுப்புக்கு எலை போட்டாச்சு. தோ, உக்காந்திருக்காரு. ஒரு அடுப்புக்கு ஒரு எலை."

பழனிவேலு மனைவியைப் பார்த்தார். அம்சவள்ளி கரண்டியைக் குழம்பில் விட்டு ஒரு கிண்டு கிண்டினாள். கத்திரிக்காய் ஒன்று மேலே வந்து, அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே போனது.

"ஏம்புள்ள, எனக்குக்கூடவா?"

"என் கையில என்னாங்க இருக்கு? நோட்டுல பேரு இல்லையே."

அக்கம் பக்கத்து இலைகளில் எண்பது பேரும் உறிஞ்சினார்கள். நாலு நாளாக உப்புக் காணாத நாக்கு, வாய்க்குள் எழுந்து நின்றது.

"தலைவரே" என்றார் பழனிவேலு. "ரெண்டு அடுப்புங்க."

"நல்லாச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"ரெண்டு அடுப்புங்க. மறைச்சுட்டேங்க."

"ஆறு நாளு, முப்பது கஜம். ஓடைப் பள்ளம் ஒனக்குத்தான். போடு கையெழுத்த. ஏம்மா, இவருக்கு ஒரு எலை."

பழனிவேலு நாலு தரம் சோறு வாங்கினார். கண்ணில் நீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டார்.

ஓடைப் பள்ளம்தான் அந்த மூன்று மைலிலும் மோசமான இடம். மறுநாளோடு மற்றவர்கள் வேலை முடிந்து போய்விட, பழனிவேலு தனியாளாகச் சரளை மண் சுமந்தார், கொட்டினார், திமிசுக் கட்டையால் இடித்தார். உள்ளங்கை கொப்பளித்தது. ஆனால் வீட்டு அடுப்பில் மறுபடி நெருப்பு எரிந்தது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் அம்சவள்ளி தூக்குச் சட்டியோடு வந்துவிடுவாள். "பாடுபடுற ஒடம்பு, நல்லாச் சாப்புடுங்க" என்று எதிரில் உட்கார்ந்து பரிமாறுவாள். கொப்பளத்துக்கு விளக்கெண்ணெய் போட்டுவிடுவாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

"இந்த எடத்துல பஸ்சு குலுங்குமாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"என் எடத்துலயா? தலையில தண்ணிக் கொடத்தோட பஸ்சுல உக்காந்து போ. சொட்டுத் தண்ணி சிந்தாது."

"பக்கத்துல கொஞ்சம் மேடாத் தெரியுதே."

அவர் எழுந்து போய் அதையும் இடித்தார். ஆறாம் நாள் முடிந்தபோது அந்த முப்பது கஜமும் களம் மாதிரி இருந்தது. அதன் மேல் யாராவது வண்டியை வேகமாக ஓட்டினால் பழனிவேலு சண்டைக்குப் போனார். தன் வாழ்நாளில் கையால் செய்த ஒரு காரியம் என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனி மாசம் பஸ் வந்தது. முகப்பில் மாலை, முன்னால் மேளம், ஊரே ஓடைப் பள்ளம் வரை வந்து நின்றது. பழனிவேலு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் முப்பது கஜத்தின் ஓரமாக நின்றார். ஊருக்குள் போய்த் திரும்பி வந்த பஸ் நின்றது. முதல் ஆளாக அம்சவள்ளி ஏறினாள். கையில் பெரிய பை இருந்தது.

பழனிவேலு ஜன்னல் பக்கம் ஓடினார்.

"எங்க புள்ள?"

"மீன்சுருட்டிக்குங்க. அம்மாகிட்ட ஒரு வாரம் இருந்துட்டு வந்துர்றேன்."

"ஒரு வாரமா? அடுப்ப யாரு பாக்கறது?"

"அக்கா பாத்துக்குவாங்க. நீங்க அன்னைக்குச் சொன்னது எவ்வளவு நல்ல யோசனைன்னு அப்பறந்தாங்க எங்களுக்குப் புரிஞ்சுது. எதுக்கு ரெண்டு அடுப்பு? நானும் அக்காவும் பேசி ஒன்னாக்கிட்டோம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அக்கா. இன்னைலேருந்து அக்கா முறை."

பழனிவேலு சுற்றுமுற்றும் பார்த்தார். தலைவர் கண்ணில் பட்டார்.

"தலைவரே, இப்ப நெசமாவே ஒரே அடுப்புங்க. வருஷா வருஷம் முப்பது கஜம் என் தலையில இருக்கே, அதையாச்சும் கொறைங்க."

"ஒருதரம் இப்புடித்தான்யா சொன்ன" என்றார் அமிர்தலிங்கம். "மழை முடிஞ்சதும் மண்வெட்டியோட வந்துரு."

கண்டக்டர் விசில் ஊதினார். அம்சவள்ளி பைக்குள் கையை விட்டு, காகிதத்தில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"மடியில வச்சுக்கங்க. அக்கா கண்ணுல படாமப் பாத்துக்கங்க."

பஸ் கிளம்பியது. முப்பது கஜத்தையும் ஒரு குலுக்கல் இல்லாமல் தாண்டி, மெயின் ரோட்டுப் பக்கம் போய் மறைந்தது. பின்னாலிருந்து கொளஞ்சியம்மாளின் குரல் கேட்டது. "தம்பி, வாங்க, சோறு ஆறிப்போவுது."

பழனிவேலு பொட்டலத்தைப் பிரித்தார். கல்லுப்பு. கணக்காக ஒரு வாரத்துக்கு வரும்.