காமாக்ஷியின் கையெழுத்து

'தங்கள் கையெழுத்து எங்கள் பதிவேட்டில் உள்ள கையெழுத்துடன் பொருந்தவில்லை.'

இரண்டாவது தடவையாக வந்த இந்தக் கடிதத்தை மயிலாப்பூர் குளக்கரையில் நின்றபடி ராகவேந்திரன் படித்தார். கடிதம் அவருக்கு வந்ததல்ல. அவர் மனைவி காமாக்ஷிக்கு வந்தது. தபால்காரர் கபாலியிடம் சொல்லிவைத்து, காமாக்ஷி பெயருக்கு வரும் கம்பெனிக் கவர்களை மூன்று வருடமாகத் தெருமுனையிலேயே வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் கபாலி.

"ஒண்ணுமில்லப்பா. வெயில்."

விஷயம் வெயில் இல்லை. 1993-இல் காமாக்ஷியின் அப்பா அவளுக்குக் கொடுத்த நாற்பதாயிரம் ரூபாய், தம்பதிகள் இருவர் பெயரிலும் பாங்கில் டெபாசிட்டாகச் சிவனே என்று கிடந்தது. அதே சமயம் நாகேஸ்வர ராவ் பார்க்கில் காலை நடைக்கு வருபவர்கள் எல்லாருமே பொருளாதார நிபுணர்களாகியிருந்தார்கள். ஒருவர், கிழக்குக் கரை பைப்லைன்ஸ் என்ற புதுக் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். "எண்ணெய் விலை ஏறினா என்ன, இறங்கினா என்ன சார்? குழாய்க்கு வாடகை வந்துண்டே இருக்கும். வருஷா வருஷம் டிவிடெண்ட். நீங்க காலை நீட்டிண்டு உக்காந்திருக்கலாம்."

வீட்டுக் குழாயில் காற்றைத் தவிர வேறு எதுவும் வராத காலம் அது. குழாயில் பணம் வரும் என்றதும் ராகவேந்திரனுக்குச் சொக்கிவிட்டது. டெபாசிட்டை உடைத்து நாலாயிரம் ஷேருக்கு விண்ணப்பித்தார். மனசாட்சி லேசாக உறுத்தியதால் காமாக்ஷி பெயரிலேயே போட்டார். கடைசித் தேதியன்று அவள் பெங்களூரில் தங்கை வீட்டில் இருந்ததால் கையெழுத்தை மட்டும் அவரே போட்டுவிட்டார். அவள் பணம், அவள் பெயர், கையெழுத்துதானே தன்னுடையது, இதில் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டார்.

டிவிடெண்டும் வரத்தான் வந்தது. வருடம் ஆறாயிரம். இருவர் பெயரிலும் இருந்த பாங்க் கணக்கில் போட்டு எடுப்பார். அதில் நாலாயிரத்து எண்ணூறை "பாங்க் வட்டி" என்று காமாக்ஷியிடம் கொடுப்பார். மிச்சத்தைத் தன் மூளைக்குக் கூலியாக எடுத்துக்கொண்டு சாயங்காலங்களில் லஸ் பக்கம் போய் போண்டா சாப்பிடுவார்.

இந்த வருடம்தான் சனியன் பிடித்தது. டிவிடெண்ட் வாரண்ட் என்ற செக்கைக் காமாக்ஷி கண்ணில் படாமல், ஷேர் பத்திரங்கள் இருந்த பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒளித்தார். அவர் கண்ணிலும் படாமல் போய் அது காலாவதியாகிவிட்டது. புதுப்பித்துத் தர, பங்குதாரர் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தர வேண்டும் என்றார்கள். ராகவேந்திரன் உட்கார்ந்து 'காமாக்ஷி' என்று போட்டார். பொருந்தவில்லை. மறுபடி போட்டார். இதோ, அதுவும் பொருந்தவில்லை.

அரசாங்க ஆபீசில் முப்பத்து மூன்று வருடம் ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்து ரிடையரான மனுஷனுக்குத் தான் போட்ட கள்ளக் கையெழுத்து மறந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் காமாக்ஷி கேட்டாள். "ஏன்னா, இந்த வருஷ வட்டி இன்னும் வரலியா? நானே வேணா பாங்குக்குப் போய்க் கேட்டுண்டு வரட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம்! அங்க ஏதோ கம்ப்யூட்டர் மாத்திண்டிருக்காளாம். நான் பாத்துக்கறேன்."

தன் பென்ஷனிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாமே என்றால், பென்ஷன் முழுவதும் காமாக்ஷியின் கையில்தான் இருந்தது. அவளிடமே வாங்கி அவளுக்கே வட்டி கொடுக்கும் சாமர்த்தியம் அவருக்கு வரவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், ரேஷன் கார்டு விஷயம் என்று சொல்லி ஒரு தாளில் அவளையே கையெழுத்துப் போட வைத்து அனுப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போட்டாள். அசல் காமாக்ஷியின் அசல் கையெழுத்து. பத்தாம் நாள் பதில் வந்தது. மூன்று கடிதங்களில் மூன்று விதமான கையெழுத்துகள் இருப்பதால், சரியான கையெழுத்து வரும்வரை இனி வரும் டிவிடெண்டுகளும் நிறுத்திவைக்கப்படும் என்றார்கள்.

ராகவேந்திரன் உடனே கிளம்பினார். பஸ் பிடித்து தி.நகர் போனார். கம்பெனியின் ஷேர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸ் அங்கே ஒரு மாடியில் இருந்தது. கவுன்டரில் அப்துல் சமத் என்ற குமாஸ்தா.

"தம்பி, அந்தப் பழைய கையெழுத்தை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேனே?"

"அது ரூல்ஸ்ல இல்ல சார். அம்மாவுக்கே தன் கையெழுத்து ஞாபகம் இல்லியா?"

"அவளுக்கு மறதி ஜாஸ்தி."

பெரியவர் முகத்தைப் பார்த்து சமத் இரக்கப்பட்டார். விண்ணப்பத்தைக் கவுன்டர் மேல் விரித்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ராகவேந்திரன் எட்டிப் பார்த்தார். கோடீஸ்வரனாகப் போகிற குஷியில் போட்ட கையெழுத்து! கடைசி எழுத்தின் வால் திரும்பி முதல் எழுத்துவரை ஓடியிருந்தது. அதற்கடியில் இரண்டு கோடு. அதற்கடியில் மூன்று புள்ளி. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவசர அவசரமாக வரைந்துகொண்டார்.

வீட்டில் எழுதிப் பார்த்தால் அந்தப் பழைய குஷி கையில் வரவில்லை. வால் பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. வேறு வழியே இல்லை, காமாக்ஷிதான் போட்டாக வேண்டும்.

"காமு, ஒரு எண் ஜோசியரைப் பாத்தேன். உன் கையெழுத்து சரியில்லையாம். வயித்துக்கு ஆகாதுங்கறார்."

"யாரோட வயித்துக்கு?"

"பொதுவா. இந்த மாதிரி மாத்திப் போட்டா ஆத்துல லக்ஷ்மி தங்குவாளாம்."

காமாக்ஷி பஸ் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது கையெழுத்தா, கோலமா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பேனாவை எடுத்தாள்.

தினமும் காபிக்குப் பிறகு பாடம் நடந்தது. திங்கட்கிழமை வால் குட்டையாகிவிட்டது. புதன்கிழமை ஒரு கோடுதான் வந்தது. வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக வந்து நான்கு புள்ளி விழுந்தது.

"மூணு புள்ளிடி! மூணே மூணு!"

"கோச்சுக்காதேள். வயசாயிடுத்தோல்லியோ, கை படிய மாட்டேங்கறது."

இப்படி மூன்று வாரம் போயிற்று. இரண்டு நோட்டுப் புத்தகங்கள் தீர்ந்தன. அவளுக்கு இத்தனை பொறுமை உண்டா என்று ராகவேந்திரனே ஆச்சரியப்பட்டார். வட்டிப் பேச்சைக்கூட அவள் எடுக்காமல் இருந்தது அவருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவள் அப்பா கொடுத்த பணத்தை எடுத்து ஏமாற்றிய தன்னை நம்பி இவள் இப்படி எழுதுகிறாளே என்று ஒரு நாள் கண்கூடக் கலங்கிவிட்டது. டிவிடெண்ட் வந்ததும் ஆறாயிரத்தையும் அவளிடமே கொடுத்துவிடுவது, போண்டாவை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தார்.

மறுநாள் காலை அவர் நீட்டிய தாளில் காமாக்ஷி ஒரே வீச்சில் போட்டாள். வால், கோடு, புள்ளி எல்லாம் அப்படியே அமைந்திருந்தன.

"நன்னா பாத்துக்கோங்கோ. சரியா வந்துடுத்தா?"

"பேஷ்! பேஷ்!"

சட்டைப் பையில் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே தி.நகர் போனார். மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

"இன்னா சார், மறுபடியும் நீங்களா?" என்றார் அப்துல் சமத்.

"இப்ப பாருங்கோ தம்பி. பூதக்கண்ணாடி வெச்சே பாருங்கோ."

சமத் நிஜமாகவே பூதக்கண்ணாடியை எடுத்தார். வாலைப் பார்த்தார். கோடுகளைப் பார்த்தார். புள்ளிகளை எண்ணினார். பிறகு ஒரு பெரிய பதிவேட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"கையெழுத்து அச்சு அசலா பொருந்துது சார், இதே மாதிரி போட்டுத்தான் போன புதன்கிழமை அம்மா நாலாயிரம் ஷேரையும் வித்துட்டாங்க, வூட்ல சொல்லலியா?"