ரிப்பன் வெட்டாத திறப்பு விழா

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள அத்தனை கடைக்காரர்களையும் நடுங்க வைத்த மனிதர் ஒருவர்தான். அவர் அதிகாரி இல்லை, போலீஸ் இல்லை, ரவுடியும் இல்லை. ஒரு நூற்பு மில்லில் லைசென்ஸ் காகிதங்களைக் கவனித்துவந்து ஓய்வு பெற்ற கிளார்க். அவர் மில்லை விட்டுவிட்டார். லைசென்ஸ் அவரை விடவில்லை. கடைக்குள் போனால் எல்லோரும் சரக்கைப் பார்ப்பார்கள், அவர் சுவரைப் பார்ப்பார். அங்கே பிரேம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் கடைசித் தேதியைத் தேடுவார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. காலாவதி அண்ணாச்சி என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

ஒருமுறை சலூனில் பாதி முகம் மழித்திருந்தபோது, எதிர்க் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிந்த சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார்.

"தம்பி, கத்தியக் கீழ வை."

"பட்டுருச்சா அண்ணாச்சி?"

"எனக்குப் படல. ஒனக்குத்தான் படப்போகுது. ஒன் லைசென்ஸ் மார்ச்சோட முடிஞ்சிருச்சு. கெளம்பு."

ஒரு கன்னத்தில் நுரையோடு அவரும், கழுத்தில் துண்டோடு சலூன்காரரும் நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

என் பால்கோவா கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். அண்ணாச்சி முதல் தடவை வந்தபோது அரைக் கிலோ கேட்டார். நான் நிறுக்கப் போகும்போது, "செத்த பொறு" என்று எலக்ட்ரானிக் தராசைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் அரசாங்க முத்திரையைத் தேடினார். இந்த வருட முத்திரை இருந்தது. "சரி, இப்ப நிறு" என்றார். நானே தேர்வில் பாஸ் ஆனது போல அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதிலிருந்து வாரம் தவறாமல் வருவார்.

அவரிடம் சொல்லாமல் நான் செய்த ஒரே காரியம் ராஜபாளையத்தில் கிளை திறந்ததுதான். என் மாமனார் ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். அவர் கையால் ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக அறுபது பேர் கூடிவிட்டார்கள். நாற்பது கிலோ பால்கோவா தயார். மாமனார் கத்தரிக்கோலை விரித்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காலாவதி அண்ணாச்சி வந்தார்.

"ஏலே, சொவரு காலியா இருக்கு."

"சாமி படம் மாட்டியிருக்கே அண்ணாச்சி."

"சாமி லைசென்ஸ் குடுக்குமா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு எல்லாம் இருக்கே. அதே கடைதான இது?"

"ஒரே தாலிய வச்சு ரெண்டு பேரக் கட்டலாமால? எடம் மாறினா உணவு லைசென்ஸ் தனி, நகராட்சி லைசென்ஸ் தனி."

என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த அலுவலகத்திலும் மனு போட முடியாது.

மாமனாருக்கு மீசை துடித்தது. "யாருய்யா நீரு? நல்ல நேரம் போகுது. இன்னைக்கு வெட்டிட்டு நாளைக்கு வாங்கிக்கிடுவோம்."

"நீங்க போலீசுல இருந்தவிய. லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டிட்டு நாளைக்கு வாங்கிக்கிடுதேம்னு சொன்னவன விட்டீயளா?"

மாமனார் கத்தரிக்கோலை மூடினார்.

"விக்கல அண்ணாச்சி, வந்தவியளுக்குச் சும்மா குடுத்துருதோம்" என்றேன்.

"காசு வாங்கினாலும் வாங்காட்டாலும் கடைன்னா கடைதான்."

பால்கோவா வாசம் மூக்கைத் துளைக்க, அறுபது பேரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். அண்ணாச்சியே வழியும் சொன்னார். "லைசென்ஸ் உள்ள கட பன்னெண்டு கிலோமீட்டர்லதான இருக்கு? எல்லாரும் அங்க வாங்க."

இரண்டு வேனில் பால்கோவாச் சட்டியோடு பாதிப் பேர், டவுன் பஸ்ஸில் மீதிப் பேர். கண்டக்டர், "பொண்ணு மாப்ள எங்க?" என்று கேட்டார். "கல்யாணம் இல்ல, கட தொறப்பு" என்றாள் என் சித்தி. "கட எங்க?" "ராஜபாளையத்துல." "நீங்க எங்க போறீய?" "ஸ்ரீவில்லிபுத்தூருக்கு." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். மாமனார் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே வந்ததால் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

பட்டுச் சேலைக் கூட்டம் என் சின்னக் கடையை மொய்த்ததைப் பார்த்து, கோயிலுக்கு வந்தவர்களும் என்னவோ ஏதோவென்று நுழைந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சட்டி காலி.

மறுநாளிலிருந்து என்னைக் காகிதத்தால் வறுத்தெடுத்தார் அண்ணாச்சி. வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, போட்டோ. என் கையெழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுத வைத்தார். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. அவரோ வத்திராயிருப்பில் தென்னந்தோப்பில் இருந்தார். அதை வாங்கிவர அண்ணாச்சியே கிளம்பினார். "இந்த ஆளு உண்மையிலே போறாரான்னு பாக்கேன்" என்று வேவு பார்க்க மாமனாரும் கூடவே பஸ் ஏறினார்.

இருட்டும் நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். கடிதத்தில் கையெழுத்து இருந்தது. மாமனார் என்னைத் தனியாக அழைத்தார். "மாப்ள, நாங்க காப்பி குடிச்ச கடைல லைசென்ஸ் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. நான்தான் மொதல்ல பாத்தேன்." அன்றிலிருந்து அவரோடு எந்த ஓட்டலுக்கும் நிம்மதியாகப் போக முடிவதில்லை.

லைசென்ஸ்கள் வந்தன. கடையும் திறந்தோம். சான்றிதழ்களை அண்ணாச்சியே ஆணியடித்து மாட்டி, நான்கு அடி தள்ளி நின்று, பெண் பார்க்க வந்தவர் மாதிரி பார்த்தார்.

போன வருடம் அவரைக் கோயம்புத்தூருக்கு மகள் அழைத்துப் போய்விட்டாள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் ஒரு மாதம் முன்னால் அங்கிருந்து போன் வரும். தேதியைச் சொல்வார், வைத்துவிடுவார். நலமா என்றுகூடக் கேட்கமாட்டார்.

போன வாரமும் போன் வந்தது. நான் பதறிப்போய்க் கோப்பை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். உணவு லைசென்ஸ், நகராட்சி லைசென்ஸ், தராசு முத்திரை, எதுவும் இப்போதைக்கு முடிவதாக இல்லை.

"எது முடியுது அண்ணாச்சி? ஒண்ணும் தெரியலயே."

இந்தத் தடவை அவர் போனை வைக்கவில்லை.

"ஒண்ணும் முடியலலே. சும்மாதான் கூப்பிட்டேன்."

கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.