செம்மூக்கிக்கு இணைப்புக் குறைவு

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அதற்குக் காவல் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் பார்ப்பாள். புல் அசைந்தாலே கத்திவிடுவாள். நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க விடுகிறாளா என்று மான்கள் முணுமுணுக்கும், கத்தல் கேட்டதும் ஓடிப் பிழைத்துக்கொள்ளும். சம்பளம் கிடையாது. குளக்கரை மேட்டில் முட்டையிட்டுக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் சலுகை. அந்த வருஷம் மேட்டில் நான்கு முட்டைகள் இருந்தன.

அந்தக் கோடையில் நரியார் பட்டணம் போய் ஓர் இயந்திரத்தோடு திரும்பினார். தலையில் மாட்ட ஒரு தொப்பி, எதிரே ஒரு திரை. மூளைக்குள் பல பேட்டைகள் உண்டு, பேட்டைக்குப் பேட்டை பேச்சுவார்த்தை சரியாக இருந்தால்தான் கண் சட்டென்று கவனிக்கும், புத்தியும் சட்டென்று வேலை செய்யும் என்று சிங்கராஜாவுக்கு விளக்கினார். ராஜாவுக்குப் பாதி புரியவில்லை. புரியாதது எதுவானாலும் அவர் உடனே சட்டமாக்கிவிடுவார். குளக்காவலுக்கு இனி தேர்வு என்று அறிவித்தார்.

செம்மூக்கி தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சைப் புள்ளிகள் மொய்க்கும். நடுவே சிவப்புப் புள்ளி வந்தால் கொத்த வேண்டும். முதலில் நன்றாகத்தான் கொத்தினாள். அப்புறம் அவள் கண் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது. சிவப்புப் புள்ளிகள் வந்து வந்து போயின.

"எங்கே பாக்குறே?" என்றார் நரியார்.

"வரிசையில அடுத்த ஆளா சிறுத்தை நிக்குதுங்க."

"சிறுத்தை திரையில இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அது கவனச்சிதறல்."

முடிவு வந்தது: மூளையில் இணைப்புக் குறைவு. செம்மூக்கி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். மேட்டைக் காலிசெய்யச் சொன்னால் முட்டைகளை எங்கே கொண்டுபோவாள்? ஆனாலும் இணைப்பு என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. மேட்டுக்கு அனுமதி கேட்டு அலைந்த காலத்தில் அவளுடைய ஒவ்வொரு மனுவும் 'இணைப்பு இல்லை' என்றுதான் திரும்பி வந்தது. ஆகவே இப்போது எதை இணைக்க வேண்டும் என்று பணிவாகக் கேட்டாள்.

நரியாரின் மூளையில் இணைப்புக்குப் பஞ்சமே இல்லை. கண் மேட்டைப் பார்த்ததுமே புத்தி வேலை செய்தது. குடியிருப்புக்கு அத்தாட்சியாக ஒரு முட்டை போதும் என்றார். மற்ற மூன்றுமாவது பிழைக்கட்டும் என்று செம்மூக்கி அழுதுகொண்டே ஒன்றை உருட்டி வந்தாள். அவர் அதை உள்ளே கொண்டுபோய்ச் சரிபார்த்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இணைப்பு கிடைச்சுது. வேலையைத்தான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு."

அந்த ஒருத்தர் சிறுத்தை. தேர்வில் ஒரு புள்ளியைக்கூட அது விடவில்லை. இதில் மோசடி ஏதும் இல்லை, இயந்திரம் சொன்னது முழு உண்மை. அத்தனை கூர்மையான கவனமும் அத்தனை வேகமும் அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

பொறுப்பேற்ற சிறுத்தை மேட்டுக்கு வந்து மரியாதையாகவே பேசியது. முட்டையெல்லாம் தனக்கு ஒரு பொருட்டே இல்லை, அவள் இங்கேயே அடைகாக்கலாம் என்றது.

"கத்த மட்டும் கூடாது. என் கவனம் சிதறும்."

சாயங்காலம் ஒரு புள்ளிமான் குட்டியோடு தண்ணீருக்கு வந்தது. வழக்கம்போல் காதை நிமிர்த்திக்கொண்டு, "ஏதாச்சும் இருக்கா அக்கா?" என்று கேட்டது. புதருக்குள் இரண்டு கண்கள் இமைக்காமல் இருந்ததைச் செம்மூக்கி பார்த்தாள். தொண்டைவரை வந்த கத்தலை விழுங்கினாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வயிற்றுக்கடியில் மூன்று முட்டைகளும் சூடாக இருந்தன.

"என்னைக் கேக்காதே தாயி. எனக்குத்தான் மூளையில இணைப்பு பத்தாதாமே. புதர்ல இருக்குற புதுக் காவல்காரரையே கேளு."

மான் தன் குட்டியையும் கூட்டிக்கொண்டு புதர்ப் பக்கம் கேட்கப் போனது.

நீதி: காவலுக்கு ஆள் எடுக்கும்போது கண்ணையும் மூளையையும் சோதித்தால் போதும், வயிற்றைச் சோதிப்பது நாகரிகம் அல்ல.