பத்தொன்பது மணி நேரத்துக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு,

இறைவன் அருளால் நாங்கள் நலம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்களிடம் வேலை செய்பவரின் மனைவி எழுதுவது.

என் கணவர் போன வாரம் திட்டம் சாராத வேலையில் பத்தொன்பது மணி நேரத்தைக் கழித்ததாக அறிக்கையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் வேலையிலிருந்து விடுவிப்போம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அறிக்கையை நிரப்பியது நான்தான். அவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. வீட்டிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்கிறேன், போனைப் பிடிப்பதும் நான்தான். அறிக்கை நாளன்று, "நாப்பது மணி நேரத்தையும் திட்டம்னே போட்டுடு" என்றார். "கூடவே உக்காந்து பார்த்துட்டு எப்படிங்க போடறது?" என்றேன். "பத்து வருஷமா அப்படித்தான் போடறேன், ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான்" என்றார். எல்லாரும் சொல்வதால் பொய் மெய்யாகிவிடுமா ஐயா? தினமும் பிரார்த்தனையில் உட்காருகிறவள் நான். நேரம் குறித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்து உள்ளது உள்ளபடி போட்டேன்.

கூட்டங்கள் எட்டேகால் மணி. அதில் ஒன்றேமுக்கால் மணி, "என் குரல் கேக்குதா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது. ஆபீஸில் பக்கத்து மேசைக்காரருடைய கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தது மூன்று மணி இருபது நிமிடம். இந்த அறிக்கைப் படிவத்தை நிரப்ப இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். ஜன்னல் வழியே சும்மா பார்த்தது நாற்பது நிமிடம், அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன், கண்டித்துவிட்டேன். மீதி நான்கு மணி பத்து நிமிடம் தங்கள் புது வீட்டுத் தரைக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று தாங்கள் அழைத்துப் பேசியது. "சாம்பல் நிறம் போட்டா அழுக்குத் தெரியாதுல்ல? உங்க வீட்டம்மாவையும் கேளுங்க" என்றீர்கள். தெரியாது, ஆனால் தூசி தெரியும் என்று நானும் சொன்னேன். என் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்று காலை அவர் என்னிடம் வந்தார். "நான்தான் தப்பா அடிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. வேலை போச்சுன்னா இந்த வயசுல யாரு எடுப்பா?" என்றார். பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நான் தப்பாக அடிக்கவில்லையே ஐயா.

ஆகையால் ஒரு விண்ணப்பம். டைல்ஸைப் பற்றி நாம் பேசவே இல்லை என்று தாங்கள் கையெழுத்திட்டுத் தந்தால், அந்த நான்கு மணி பத்து நிமிடத்தை உடனே நீக்கிவிடுகிறேன். பாவம் தங்களைச் சேர்ந்தது. இந்த விஷயம் நம் மூவரைத் தாண்டிப் போகாது. அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

புது வீட்டில் தங்கள் குடும்பம் நிறைவாக வாழ ஆண்டவன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஊழியரின் மனைவி

பி.கு.: விளக்கக் கடிதத்தின் நகல் தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும் என்று தங்கள் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. மேலே உள்ளதை எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், உடனே அனுப்பிவிட்டேன். சற்றுமுன் அங்கிருந்து ஓர் அம்மா பேசினார், மிகவும் மரியாதையான பேச்சு. என் கணவர் வேலைக்கு ஒன்றும் ஆகாதாம். தங்கள் பெயரை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். இன்று மாலை தங்களுக்காகவும் பிரார்த்திக்கிறேன்.